கமராவுக்குக் கைப்பட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்துக் கலியாண மண்டபங்களில் படம் பிடிக்கப் போகும்போது, பந்தியில் பக்கத்தில் இருப்பவர் என் வலக்கையைப் பார்த்துவிட்டு, "இது என்ன, கமராவைக் கையோடு கட்டி வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்காத நாள் குறைவு. கேட்பவரிடமும் கமரா இருந்தால் கேள்வி அதோடு நிற்காது. அப்படி வந்த கேள்விகளுக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கைப்பட்டி என்றால் எது? மணிக்கட்டில் மாட்டும் கயிறும் அதுதானா?

கடையில் கேட்டால் இரண்டையும் ஒரே பெயரில்தான் எடுத்துத் தருவார்கள். ஆனால் வேலை வேறு. மணிக்கட்டுக் கயிறு கமராவின் ஒரு பக்கத்துக் காதில், அதாவது பட்டி மாட்டும் கண்ணில், தொங்கும். கையை அதற்குள் நுழைத்துக்கொள்வீர்கள். கமரா கைதவறினால் நிலத்தில் விழாமல் தடுக்கும், அவ்வளவுதான். பிடிக்கு அதனால் ஒரு உதவியும் இல்லை.

மற்றது அகலமான பட்டி. கமராவின் வலப்பக்கத்தில் மேல்காதில் தொடங்கி, உங்கள் புறங்கையின் மேலாக வந்து, அடித்தட்டில் முடியும். விரல்களை விரித்தாலும் கமரா உள்ளங்கையோடு ஒட்டியபடி நிற்கும். பழைய வீடியோ கமராக்களின் பக்கத்தில் ஒரு பட்டி இருக்குமே, வலக்கையை நுழைத்துப் பிடிப்போமே, அதே கதைதான். இங்கே நான் கைப்பட்டி என்று சொல்வது இதை. மற்றதை மணிக்கட்டுக் கயிறு என்கிறேன்.

எனக்கு இது தேவையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு நாள் படம் பிடிக்கப் போகும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: எத்தனை தரம் கமராவைக் கையிலிருந்து விடுகிறீர்கள்?

கலியாண வீட்டில் நான் விடுவதே இல்லை. மாப்பிள்ளை அழைப்பில் எடுத்த கமரா தாலி கட்டி, அறுகரிசி போட்டு முடியும் வரை கையில்தான். இரண்டு, மூன்று மணித்தியாலம். மேடையில் ஏறி இறங்கும்போது கழுத்தில் தொங்கும் கமரா குத்துவிளக்கில் இடிக்கும், ஐயரின் தட்டில் இடிக்கும். இந்த வேலைக்குக் கைப்பட்டி போல வேறொன்று இல்லை.

புறக்கோட்டையில் நடந்து திரிகிற ஆளைப் பாருங்கள். சம்மாங்கோட்டார் பள்ளிவாசலின் சிவப்பு வெள்ளைக் கோடுகளை நாலு படம் எடுப்பார். அப்புறம் இளநீர் குடிப்பார், காசு எண்ணிக் கொடுப்பார், மழை தூறினால் குடை விரிப்பார், லென்ஸ் மாற்றுவார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கையும் வேண்டும். கைப்பட்டி போட்ட கமராவுக்குத் தொங்க இடமில்லை. கையை எடுத்தால் அதை வைக்க ஒரு மேசையோ பையோ இருக்க வேண்டும். விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. வாங்கிய கிழமையே கழற்றி லாச்சிக்குள் போட்டவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். பட்டியில் பிழையில்லை, அவர்கள் படம் பிடிக்கிற விதத்துக்கு அது சரிவரவில்லை.

பாரம் குறையுமா?

ஒரு கிராம்கூடக் குறையாது. கனொன் 5டி மார்க் 4 பற்றறியோடு 890 கிராம். 24-70 எப் 2.8 எல் இரண்டாம் பதிப்பு லென்ஸ் 805 கிராம். மேலே 600இஎக்ஸ் 2 பிளாஷ் 435 கிராம், அதற்குள் நாலு பற்றறி. கூட்டிப் பார்த்தால் 2.2 கிலோவுக்குக் கிட்ட வரும். கைப்பட்டி போட்ட பிறகும் அது 2.2 கிலோதான்.

குறைவது இறுக்கிப் பிடிக்கும் வேலை. பட்டி இல்லாதபோது ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையிலும் விரல்கள் கமராவை இறுக்கியபடியே இருக்கும். அதை நாங்கள் உணர்வதில்லை. இரவு வீட்டுக்குப் போய்க் கோப்பையைத் தூக்கும்போதுதான் முழங்கைக்குக் கீழே கடுக்கத் தொடங்கும். பட்டி இருந்தால் கையைத் தொங்கவிட்டு விரல்களை அப்படியே தளர்த்திவிடலாம். அந்தச் சின்னச் சின்ன ஓய்வுகளுக்குத்தான் காசு கொடுக்கிறோம்.

இன்னொன்று. கைப்பட்டி வந்ததும் சிலர் ஒற்றைக் கையால் எடுக்கத் தொடங்குகிறார்கள். பாரத்தைத் தாங்க வேண்டியது லென்ஸின் கீழ் இருக்கும் இடக்கை. அதை எடுத்துவிட்டால் மண்டபத்து மங்கலான வெளிச்சத்தில் படம் ஆடித்தான் வரும்.

என்னிடம் இருப்பது சின்னக் கமரா. எனக்கும் வேண்டுமா?

வேண்டாம். சோனி ஏ6000 போன்ற ஒன்று 344 கிராம், அதோடு வரும் 16-50 லென்ஸ் 116 கிராம். 460 கிராமுக்குப் புறங்கையில் தோல் கட்டிக்கொண்டு திரியத் தேவையில்லை. மணிக்கட்டுக் கயிறு ஒன்று போதும். கையில் வழுகாதபடி இறுக்கும் சின்ன வளையமோ பூட்டோ அந்தக் கயிற்றில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இறுக்க வழியில்லாத வெறும் கயிறு, கையைக் கீழே தொங்கவிட்டதும் கமராவோடு சேர்ந்து கழன்று போகும்.

மேலே காது இருக்கிறது. கீழே எங்கே கட்டுவது?

பிரச்சினை எல்லாம் தொடங்கும் இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கனொன் 1டி வரிசை போன்ற பெரிய கமரா உடல்களில் கீழேயும் ஒரு துவாரம் உண்டு. கீழே பூட்டும் பற்றறி கிரிப் பலவற்றிலும் உண்டு. அப்படி இருந்தால் பட்டியை நேரே கோர்த்துவிடலாம், வேறு ஒன்றும் வேண்டாம். மற்றக் கமராக்களில் கீழே இருப்பது முக்காலிக்கான திருகுத் துளை ஒன்றுதான். அளவு 1/4 அங்குலம், அநேகமாக எல்லாக் கமராவுக்கும் ஒன்றே. அதில் ஒரு தகட்டைத் திருகி, தகட்டின் வலது ஓரத்தில் இருக்கும் துவாரத்தில் பட்டியைக் கோர்க்க வேண்டும்.

தகட்டைப் பிடித்திருப்பது ஒரேயொரு திருகு. பட்டியோ அதன் ஓரத்தில் இழுக்கிறது. கையை அசைக்கும் ஒவ்வொரு தரமும் அந்தத் திருகைச் சுற்றித் தகட்டைத் திருப்பப் பார்க்கும். முதல் நாள் ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்தது கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில். தாலியை எடுத்த மாப்பிள்ளை கையைப் பார்த்துக் கமராவை உயர்த்துகிறேன், கமரா ஒரு பக்கம் சரிகிறது. தகடு முழுதாகத் திரும்பிவிட்டது. பட்டி தொளதொளவென்று கிடக்கிறது. இடக்கையால் அமுக்கிப் பிடித்தபடி எடுத்தேன். கமரா விழவில்லை, ஆனால் அந்தக் கலியாணத்தின் தாலிகட்டுப் படங்கள் எல்லாம் சரிவாகத்தான் இருக்கின்றன. கணினியில் நிமிர்த்திக் கொடுத்தேன். மாப்பிள்ளை வீட்டாருக்கு இன்னும் தெரியாது.

அதற்குப் பிறகு செய்வது இதுதான்: கமராவில் படும் பக்கத்தில் றப்பரோ தக்கையோ ஒட்டிய தகடு, கமராவின் பின்விளிம்பில் அணைந்து நிற்கும் சின்ன மடிப்பு இருந்தால் இன்னும் நல்லது. அந்த மடிப்பு இருக்கும் தகடு திரும்பவே முடியாது. விரலால் இறுக்கும் திருகை நம்பாதீர்கள். சில்லறைக் குத்தியால் அல்லது அலன் சாவியால் இறுக்கும் திருகாக இருக்கட்டும். வேலைக்குப் போகும் ஒவ்வொரு காலையும் ஒரு தரம் இறுக்கிப் பாருங்கள். அதற்காக முறுக்கித் தள்ளவும் வேண்டாம், துளையின் புரி தேய்ந்தால் செலவு பெரிது. பசை போடலாமா என்று கேட்டவரும் உண்டு. ஐயோ, வேண்டாம்.

தகட்டைப் போட்டால் பற்றறி மூடி திறக்கவில்லையே?

சின்ன உடல்களில் இது வழக்கம். திருகுத் துளைக்கும் மூடிக்கும் இடையில் ஒரு விரல் அகலம்கூட இருக்காது. கனொன் 200டி, சோனி ஏ6000 போன்றவற்றில் மெமரி கார்ட்டும் அதே மூடிக்குள்தான், ஆக இரட்டிப்புத் தொல்லை. கார்ட் நிறைந்த ஒவ்வொரு தரமும் தகட்டைக் கழற்றிக்கொண்டு நிற்க முடியுமா? கமராவைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய், தகட்டைப் பூட்டி, மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். பெட்டியில் "எல்லாக் கமராவுக்கும்" என்று எழுதியிருப்பது திருகின் அளவைப் பற்றியது, மூடியைப் பற்றியது இல்லை.

எவ்வளவு இறுக்க வேண்டும்?

பட்டி போக வேண்டிய இடம், விரல் முட்டிகளுக்குச் சற்றுப் பின்னால், புறங்கையின் நடுப்பகுதி. மணிக்கட்டுக்குக் கிட்டப் போனால் கை கீழே இழுபட்டு, சுட்டுவிரல் ஷட்டர் பொத்தானுக்கு எட்டாது. முட்டிகளின் மேலேயே ஏறினால் விரல் மடிக்க முடியாது.

போட்டுப் பார்க்கும்போது மூன்று விஷயம். லென்ஸ் நிலத்தைப் பார்க்கும்படி கையைத் தாழ்த்தி விரல்களை விரியுங்கள், கமரா அசையாமல் நிற்க வேண்டும். இதைக் கட்டிலுக்கு மேலே வைத்துச் செய்யுங்கள், சீமெந்து நிலத்துக்கு மேலே வேண்டாம். அடுத்து, சுட்டுவிரல் ஷட்டருக்கும் அதன் பக்கத்துச் சக்கரத்துக்கும் தாராளமாகப் போய்வர வேண்டும். மூன்றாவது பெருவிரல். பின்பக்கப் பொத்தானால் குவியம் பிடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இதுதான் முக்கியம், பட்டி பெருவிரலின் அடியை இழுத்தால் அந்தப் பொத்தான் ஒரு மயிரிழை தூரத்தில் நின்றுவிடும்.

காலையில் சரியாக இருந்த இறுக்கம் மத்தியானம் சரியாக இராது. கொழும்பு வெக்கையில் கை கொஞ்சம் வீங்கும், வியர்வையில் தோல் வழுக்கும். நடுவில் ஒரு தரம் தளர்த்திக் கட்டுங்கள். விரல் நுனி மரத்தால் உடனே கழற்றுங்கள். கழற்றி நெடுநேரம் ஆகியும் மரப்பு போகவில்லை என்றால் அது பட்டி விஷயமில்லை, டொக்டரிடம் காட்ட வேண்டியது.

தோலா, நைலோனா?

தோல் அழகு. கையோடு பழகும், சில மாதத்தில் உங்கள் கையின் வடிவத்துக்கே வந்துவிடும். குளிர் ஊரில் இருந்தால் நானும் தோல்தான் வாங்கியிருப்பேன். இங்கே கடலோர ஈரப்பதத்தில் தோல் பூஞ்சணத்துக்குத் தீனி. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அலுமாரிக்குள் மூன்று கிழமை மறந்து வைத்த என் பட்டியை எடுத்தபோது சாம்பல் பூசியது போல இருந்தது. அதைவிடப் பயம், அதே பூஞ்சணம் பக்கத்தில் இருந்த லென்ஸுக்குப் போய்விடுமோ என்பது.

மற்ற விஷயம் சாயம். வியர்வையில் ஊறிய மண்ணிறத் தோல் உடுப்பில் இறங்கும். பட்டுவேட்டி கட்டிய ஒருவரின் தோளில் தட்டி "கொஞ்சம் இந்தப் பக்கம் நில்லுங்கோ" என்று சொல்லும் தொழில் இது. யோசித்துப் பாருங்கள்.

ஆகவே என் கணக்கில் வெளிப்பக்கம் நைலோன், கையில் படும் பக்கம் மெத்தென்ற, துளையுள்ள துணி. உள்பக்கம் முழுக்க வழுவழுப்பான றப்பர் வைத்தவை காற்றே விடாது. தோல்தான் வேண்டும் என்பவர்கள் சாயம் போடாத, இயல்பான நிறத் தோலாகப் பார்த்து எடுங்கள். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் உலர்ந்த துணியால் துடைத்து, பைக்குள் போடாமல் காற்றில் தொங்கவிடுங்கள்.

காலிமுகத்திடலில் அடிக்கடி எடுப்பேன். உப்புக்காற்றுக்கு என்ன செய்வது?

நைலோன் பட்டியைக் கமராவிலிருந்து கழற்றி, கொஞ்சம் சவர்க்காரம் கலந்த தண்ணீரில் அலசி, நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் ஒரு முழு நாள் காயவிடுங்கள். வியர்வையும் உப்புத்தானே, கடற்கரைக்குப் போகாதவர்களும் மாதம் ஒரு தரம் செய்யலாம். அரைகுறையாகக் காய்ந்ததைக் கமராப் பைக்குள் போட்டு மூடினால் பூஞ்சணத்துக்கு நீங்களே வீடு கட்டிக் கொடுத்தது போல.

கவனிக்க வேண்டியது உலோக வளையங்களை. மலிவான பட்டிகளில் வளையம் இரும்பில் பூச்சுப் பூசியதாக இருக்கும். கடற்காற்றில் துரு முதலில் அங்கேதான் பிடிக்கும். துருப்பிடித்துச் சொரசொரத்த வளையம் பட்டியை வாள் போல அறுக்கும்.

ஆடிவேல் போன்ற கூட்டங்களில் கமராவைப் பறித்துக்கொண்டு ஓட முடியாதுதானே?

பாதுகாப்புக்காகவே வாங்குவதாக இருந்தால் காசை மிச்சம் பிடியுங்கள். செட்டியார் தெருவில் இருந்து வேல் வரும்போதும், யூன் 13 இல் கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளிலும், பெப்ரவரியில் நவம் பெரஹராவிலும் எடுத்திருக்கிறேன். சனநெரிசலில் கைப்பட்டி உதவுவது வேறு விதமாக: தோளில் யாராவது இடித்தாலும் கமரா கையை விட்டுப் போகாது. தலைக்கு மேலே உயர்த்தி எடுக்கும்போது பயமில்லை. கழுத்துப்பட்டியில் அடுத்தவர் கை சிக்கும் தொல்லையும் இல்லை.

பறிக்க வந்தவன் கமராவோடு உங்களையும் சேர்த்து இழுப்பான், அதுதான் வித்தியாசம். மோட்டார் சைக்கிளில் வந்தால் இன்னும் மோசம். வீதியோரத்தில் நடக்கும்போது கமரா பைக்குள் இருக்கட்டும்.

கோட்டையில் இருந்து தெஹிவளைப் பக்கம் போகும் ரயில் வாசலில் நின்று கடலைப் படம் பிடிக்கக் கைப்பட்டி நல்லதுதானே?

அந்தப் பாதையில் கடல் அழகு, தெரியும். ஆனால் வெளியே நீட்டிய கமரா ஒரு கம்பத்தில் பட்டால், பட்டி இல்லாதபோது கமராதான் போகும். பட்டி இருந்தால் கையும் போகும். யன்னலுக்குள் இருந்தே எடுங்கள்.

கழுத்துப்பட்டியையும் சேர்த்துப் போடலாமா?

போடலாம், நானே நீண்ட நாட்களில் அப்படித்தான். வலது மேல்காதில் இரண்டு பட்டி நெருக்கும் என்பதுதான் தொல்லை. கனொன் உடல்களில் பெரும்பாலும் தட்டையான ஒடுங்கிய துவாரம், இரண்டு நாடா நுழையாது. நிக்கொன், பியூஜி போன்றவற்றின் வட்டக் காதில் முக்கோண வளையம் போட்டு அதில் இரண்டையும் மாட்டலாம். வளையம் போடும்போது கீழே தோல் துண்டோ பிளாஸ்டிக் காப்போ வையுங்கள், இல்லாவிட்டால் உடலின் வர்ணம் உரியும்.

பீக் டிசைன் போன்ற சில வகைகளில் காதில் மெல்லிய கயிறும் அதன் நுனியில் வட்டக் குமிழும் வரும். கழுத்துப்பட்டியை ஒரு சொடுக்கில் கழற்றிவிடலாம். அந்தக் கயிறு தேய்ந்தால் உள்ளே வேறு நிறம் தெரியும்படி செய்திருக்கிறார்கள். நிறம் தெரிந்த அன்றே மாற்றுங்கள்.

முக்காலியில் வைக்க ஒவ்வொரு தரமும் கழற்ற வேண்டுமா?

ஆர்க்கா வகைத் தகடாக, பட்டிக்கான துவாரத்தோடு வாங்கினால் வேண்டாம். அந்த வகை 38 மில்லிமீட்டர் அகலம், அதே வகை முக்காலித் தலையில் அப்படியே சறுக்கி மாட்டும்.

வீடியோ எடுக்கும்போது?

கழற்றிவிடுங்கள். கமராவின் சொந்த மைக்கில் எடுத்தால் வளையம் தட்டும் சத்தம் நாதஸ்வரத்துக்கு நடுவிலும் கேட்கும்.

70-200 போன்ற பெரிய லென்ஸுக்கு?

அந்த லென்ஸின் எப் 2.8 வகை ஒரு கிலோவுக்கு மேல், பல கமராக்களைவிடப் பாரம். கைப்பட்டியில் தொங்கவிட்டு நடந்தால் முழுச் சுமையும் லென்ஸ் மாட்டும் வளையத்தில் இழுக்கும். நடக்கும்போது லென்ஸின் கீழே முக்காலிக்காக இருக்கும் காலைப் பிடித்துத் தூக்குங்கள். கைப்பட்டி எடுக்கும் நேரத்துக்கு மட்டும்.

நான் இடதுகைக்காரன். இடப்பக்கத்துக்குக் கிடைக்குமா?

பிடியும் ஷட்டரும் வலப்பக்கத்தில் இருக்கும் வரை இடப்பக்கப் பட்டியால் பயனில்லை.

வளையல், கைக்கடிகாரம் போட்டுக்கொண்டு பாவிக்கலாமா?

வலக்கையில் வேண்டாம். பெரிய கடிகாரத்தின் குமிழ் பட்டியின் ஓரத்தில் சிக்கி, கையை அவசரமாக எடுக்க முடியாமல் செய்யும். என்னோடு கலியாணங்களுக்கு வரும் தங்கச்சி ஒருவர் வேலை தொடங்க முன்னர் வலக்கை வளையல்களைக் கழற்றி இடக்கைக்கு மாற்றிவிடுவார். கல் வைத்த மோதிரமும் உள்பக்கத் துணியைக் கிழிக்கும்.

சப்பாத்து தைக்கிறவரிடம் கொடுத்துச் செய்விக்கலாமா?

தாராளமாக. புறக்கோட்டை நடைபாதையில் இருக்கும் நல்ல கைக்காரர்கள் சிலர் கடையில் விற்பதைவிடத் திறமாகத் தைப்பார்கள். நைலோன் நாடாவை நீங்களே வாங்கிக் கொடுங்கள். பருத்தி நூல் வேண்டாம், வியர்வையில் இற்றுப்போகும், நைலோன் நூல் என்று சொல்லிக் கொடுங்கள். மடித்துத் தைக்கும் இடத்தில் ஒரு சதுரமும் அதற்குள் குறுக்காக இரண்டு கோடும் வர வேண்டும். வெட்டிய நுனியை நெருப்பில் காட்டினால் நூல் பிரியாது.

கமராவில் மாட்ட முன்னர், ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை அந்தப் பட்டியில் கட்டி யன்னல் கம்பியில் ஓரிரவு தொங்கவிடுங்கள். ஐந்து கிலோ, உங்கள் கமராவின் இரண்டு மடங்குக்கு மேல். காலையில் தையல் இழுபட்டிருந்தால் திரும்பக் கொண்டுபோய்க் கொடுங்கள், கோபிக்க மாட்டார்.

பாவித்த பட்டியை வாங்கலாமா? எப்போது மாற்றுவது?

பட்டியை வாங்கலாம், பூட்டையும் வளையத்தையும் பார்த்து. தையலில் ஓர் இழை அறுந்திருந்தாலும் வேண்டாம். வளையத்தை விரலால் சுற்றிப் பாருங்கள், ஒரு பக்கம் மெலிந்து பள்ளம் விழுந்திருந்தால் அதை மட்டும் மாற்றலாம், செலவு சொற்பம். உங்கள் கமராவின் காதையும் அதே நேரத்தில் பாருங்கள். வருடக்கணக்கில் உலோக வளையம் உரசிய காதும் தேயும். அதில் பள்ளம் கண்டால் பட்டிக் கடைக்குப் போகாமல் கமரா திருத்துபவரிடம் போங்கள்.